காளைக்கு ஆவது குதிரைக்கு ஆகாது

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தைக்குக் கொங்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் உழவர்கள் போய் வருகின்றனர். காளை பார்க்கப் போனவர், அங்கு நிற்கும் கத்தியவாரிக் குதிரையையோ மார்வாரிக் குதிரையையோ கண்டு மனம் மாறி, அதையே பிடித்துக்கொண்டு ஊர் திரும்புவதும் உண்டு. அப்படி அன்னூர் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றுக்கு வந்து சேரும் குதிரை, கட்டுத்தறியில் காளைக்கு அடுத்த முளையில் கட்டப்படுகிறது. காளைக்குப் போடும் சோளத்தட்டே அதற்கும் போடப்படுகிறது. காளைக்குக் கரைக்கும் தவிடே அதற்கும் கரைக்கப்படுகிறது. காளைக்குத் தண்ணீர் காட்டும் நேரத்தில் அதற்கும் தண்ணீர். ரேக்ளாப் பந்தயம் நெருங்கும்போது மட்டும் நல்லெண்ணெய் வாங்கி உடம்பெங்கும் தேய்த்து, மணிக்கணக்கில் நீவிவிடுகின்றனர். 'குதிரைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை' என்ற மனநிறைவும் வந்துவிடுகிறது.

இந்த வரிசை தலைகீழானது. குதிரையின் சுகம் தீவனத் தொட்டியிலும் தண்ணீர்த் தொட்டியிலும் தொடங்குகிறது. அடுத்தபடியாகக் குளம்பும் வாயும் வருகின்றன. நீவிவிடுதல் அதன் பிறகுதான். நீவிவிடுவதால் பயன் உண்டு; ஆனால் அந்தப் பயன் பலரும் நினைக்கும் பயன் அல்ல.

குதிரை வளர்ப்பில் தவறுவது நமக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, இங்குள்ள மன்னர்கள் ஆண்டுதோறும் கடல் வழியே ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும் பொருள் கொடுத்து வாங்கியதையும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் பெரும்பாலானவை மடிந்துபோனதையும் எழுதிவைத்திருக்கிறார். பராமரிக்கத் தெரியாமையும், குதிரை வைத்தியர் இல்லாமையும், பொருந்தாத தீவனமுமே காரணம் என்பது அவர் கருத்து. பிற்காலத்தில் ஜட்கா வண்டிகள் ஓடிய நாள்களில் குதிரைக்காரர்களும் லாடக்காரர்களும் அந்தக் கலையை ஓரளவு கற்று வைத்திருந்தனர். வண்டிகள் மறைந்ததும் அந்த அறிவும் அவர்களோடு மறைந்துவிட்டது. 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 6 லட்சத்துக்கு மேல் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. இன்று குதிரை வாங்கும் உழவர் அருகில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாதவராகவே வாங்குகிறார். தமக்குத் தெரிந்த மாட்டு வளர்ப்பை வைத்தே குதிரையையும் வளர்க்கிறார். குறை அவருடையது என்று சொல்ல முடியாது. ஆனால் இழப்பு அவருடையதாகிவிடுகிறது.

வயிறே வேறு

காளைக்கு அசையூண் வயிறு. விழுங்கியதை முதல் அறையில் நிரப்பி வைத்து, நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்தபின், ஓய்வாகப் படுத்து அசைபோடும். இரண்டு வேளை வயிறு நிறைந்தால் அதற்குப் போதும். குதிரைக்கு ஒரே இரைப்பை. அதுவும் உடலளவுக்கு மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். நார்த்தீவனம் செரிப்பது பின்னால், பெருங்குடல் பகுதியில். இரைப்பையில் அமிலம் இரவு பகல் எந்நேரமும் சுரந்துகொண்டே இருக்கும். அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே சுரக்கும். ஆகவே பல மணி நேரம் வெறும் வாயோடு நிற்கும் குதிரைக்குக் குடற்புண் வருவதில் வியப்பில்லை. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது வெளியேற ஒரே வழிதான். நள்ளிரவில் வயிற்றுச் சூலை கண்டு விடிவதற்குள் குதிரை இறந்துபோனதற்குக் கண்ணேறு காரணம் என்று சொல்லப்படும் இடங்களில், முதல் நாள் மாலைத் தீவனத்தில் என்ன இருந்தது என்று விசாரித்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

350 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 கிலோ உலர்ந்த நார்த்தீவனம் வேண்டும். இதை இரண்டு வேளையாகப் போடாமல், நான்கைந்து தடவையாகப் பிரித்துப் போட வேண்டும். பெரும்பங்கை இரவுக்கு ஒதுக்கலாம். தானியமும் பருப்பும் சேர்ந்த அடர்தீவனம் இலேசான வேலை செய்யும் குதிரைக்கு 2 கிலோ வரை போதும். ஒரே வேளையில் ஒன்றரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம். தீவனத்தை மாற்றுவதானால் ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொண்டு சிறுகச் சிறுக மாற்ற வேண்டும். சந்தையிலிருந்து வந்த குதிரைக்கு இது மிக முக்கியம். அது இதுவரை என்ன தின்றது என்று விற்றவரிடம் கேட்டு, அதில் நான்கு நாள் தீவனத்தையும் சேர்த்து வாங்கிவருவது நல்ல வழக்கம்.

அன்னூர் மானாவாரிப் பூமி. சோளத்தட்டே இங்கு முதன்மைத் தீவனம். நன்கு முற்றிக் காய்ந்த சோளத்தட்டைப் பொடியாக நறுக்கிக் குதிரைக்குக் கொடுப்பதில் தவறில்லை. பச்சைச் சோளம்தான் ஆபத்து. இளஞ்சோளத்தில் நச்சு உண்டு என்பது மாடு வளர்ப்போர் அனைவரும் அறிந்தது. ஆனால் மாட்டுக்குப் பூத்தபின் பயமில்லை என்று கருதும் அதே பயிரைக் குதிரை வாரக்கணக்கில் தொடர்ந்து மேய்ந்தால் வேறொரு நோய் வரலாம். பின்னங்கால்கள் தள்ளாடும், சிறுநீர் சொட்டுச் சொட்டாக ஒழுகித் தொடையெல்லாம் புண்ணாகும். தண்டுவடமும் சிறுநீர்ப்பையும் கெடுவதால் வரும் இந்தக் கோளாறு முற்றிவிட்டால் மீள்வது அரிது. அறுத்தபின் மறுதாம்பு விட்ட சோளக் காட்டில் குதிரையைக் கட்டி மேய்ப்பதை விட்டுவிட வேண்டும்.

கொரங்காட்டு மேய்ச்சலைப் பற்றியும் ஒரு சொல். காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகளின் உயிர்நாடி கொழுக்கட்டைப் புல். காங்கயம் மாட்டை உருவாக்கிய புல் அது என்றால் மிகையில்லை. ஆனால் அதில் ஆக்ஸலேட் உப்பு மிகுதி. மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அந்த உப்பைச் சிதைத்துவிடுகின்றன. குதிரையின் குடலில் அது தீவனத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டு, உடலில் சேரவிடாமல் செய்கிறது. இதோடு நாம் தவிட்டையும் கரைத்து ஊற்றினால் கேடு இரட்டிப்பாகிறது. தவிட்டில் சுண்ணாம்புச் சத்தைவிட மணிச்சத்து ஏறத்தாழ பத்து மடங்கு. மாதக்கணக்கில் இப்படியே நடந்தால் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவி எடுத்துக்கொள்ளும். முதலில் ஒரு நாள் ஒரு கால், மறுநாள் வேறொரு கால் என்று நொண்டும். பிறகு முகத்தின் இருபுறமும் எலும்பு வீங்கித் தலை பெருத்துக் காணும். ஆஸ்திரேலியாவில் இதே கொழுக்கட்டைப் புல் மேய்ச்சலில் குதிரைகளுக்குப் 'பெருந்தலை நோய்' வருவது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. நம் ஊரில் இந்த நொண்டலுக்கும் எண்ணெய் தேய்த்துத்தான் பார்க்கிறார்கள்.

இதற்கு மாற்று நம் மொழியிலேயே பெயராக நிற்கிறது: குதிரை மசால். சுண்ணாம்புச் சத்து நிறைந்த இந்தப் பசுந்தீவனத்தை நாளொன்றுக்கு 4, 5 கிலோ வாடவைத்து மற்ற நார்த்தீவனத்தோடு கலந்து கொடுத்தால், புல்லாலும் தவிட்டாலும் வரும் குறை பெருமளவு சரிக்கட்டப்படும். கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் ஐந்து சென்ட் நிலத்தில் விதைத்தாலே ஒரு குதிரைக்கு உதவியாக இருக்கும். 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு – அவினாசித் திட்டம் தொடங்கப்பட்டபின் குளத்துக்கு நீர் வரப்பெற்ற ஊர்களில் கிணறு ஊறினால் இதற்கு வழி பிறக்கும். தவிட்டை அடியோடு நிறுத்த முடியாவிட்டாலும் அரைக் கிலோவுக்குக் குறைத்துக்கொள்வது நலம்.

கொள்ளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஊறவைத்து, வேகவைத்து, ஆறியபின் முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை இரு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். காலையில் வேகவைத்துப் புளித்துப்போனதை மாலையில் கொடுக்கக் கூடாது.

கோழித் தீவனமும் பூஞ்சைச் சோளமும்

கொங்கு நாட்டில் கறிக்கோழிப் பண்ணை இல்லாத ஊர் அரிது. குதிரைக்கும் கோழித் தீவனத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கோழிகளுக்கு வரும் இரத்தக்கழிச்சலைத் தடுக்க, தீவனத்தில் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் கலக்கப்படுவதுண்டு. கோழிக்கு அது காப்பு. குதிரைக்கு அது நஞ்சு. குதிரையின் உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் மோனென்சின் உள்ளே சென்றாலே இதயத் தசை கெட்டு உயிர் போகக்கூடும். கோழி இதைப்போல் பல மடங்கைத் தாங்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. பிழைத்த குதிரையும் ஓடும்போது திடீரென விழுந்து இறக்கலாம். பண்ணையில் மீந்த தீவன மூட்டையைக் 'குதிரைக்குப் போட்டால் கொழுக்கும்' என்று எடுத்துவருவது இரவில் பாம்பைக் கயிறு என்று பிடிப்பதற்கு ஒப்பாகும். மூட்டைகளைக் குதிரை எட்டாத அறையில் பூட்டி வைக்க வேண்டும். அந்தச் சாக்கில் கொள்ளைப் போட்டு வைப்பதும் வேண்டாம்.

பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் அப்படியே. நிறம் மாறிய, தூசி பறக்கும் மக்காச்சோளத்தைக் கழித்துக் கால்நடைக்கு ஒதுக்குவது வழக்கம். ஒருவகைப் பூஞ்சையின் நஞ்சு குதிரையின் மூளையையே உருக்கிவிடும். சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்பதும், வட்டமாகச் சுற்றுவதும், கண் தெரியாததுபோல் நடப்பதும் அதன் அடையாளம். சில நாள்களில் முடிந்துவிடும். மனிதர் தின்னத் தகாத தானியத்தைக் குதிரைக்கும் போடாமலிருப்பதே பாதுகாப்பு.

தண்ணீர்

ஓய்வாக நிற்கும் குதிரைக்கே நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் வேண்டும். வெயிலில் வேலை செய்தால் இதைப்போல் இரு மடங்கும் குடிக்கும். ஆகவே எந்நேரமும் முன்னால் தொட்டியில் நல்ல நீர் இருக்க வேண்டும். பாசி பிடித்த தொட்டியில் காளை குடிக்கும். குதிரை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கும். தாகமில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். நீர் குறைந்தால் பெருங்குடலில் தட்டு இறுகி அடைத்துக்கொள்ளும். மனிதனைப்போல் உடம்பெல்லாம் வியர்த்து வடியும் விலங்கு குதிரை. அந்த வியர்வையில் உப்பும் மிகுதியாகப் போகிறது. தினம் 30 கிராம் சாதா உப்பு, வேலை நாளில் இன்னொரு மடங்கு.

ஓடிவந்து சூடான குதிரைமேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, குடிக்கவும் விடக் கூடாது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. 1996இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தபோது, அங்குள்ள புழுக்கத்துக்கு அஞ்சிக் குதிரைகளைக் குளிர்விக்கும் முறைகள் விரிவாக ஆராயப்பட்டன. குளிர்ந்த நீரைத் தொடர்ந்து உடலில் ஊற்றி, மெல்ல நடக்கவிடுவதே உயிர் காக்கும் முறை என்று தெளிவாயிற்று. தசை பிடித்துக்கொள்ளவும் இல்லை. சித்திரை வெயிலில் நம் நாட்டுக் குதிரைக்கும் இதுவே பொருந்தும். குடிக்கவும் இடைவிட்டுச் சில மடக்குகளாகக் கொடுக்கலாம்.

கை அறிய வேண்டியது

இனி நீவிவிடும் பணிக்கு வருவோம். எண்ணெய் தோல் வழியே இறங்கித் தசைக்குப் பலம் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. எண்ணெய்ப் பூச்சில் புழுதி ஒட்டும், வியர்வை தடைப்படும். வெறுங்கையே போதும். நாள்தோறும் ஒரே ஒழுங்கில் குதிரையின் உடலைத் தடவிவரும் கை, கண் காணாததை முன்கூட்டியே கண்டுவிடும். நேற்று இல்லாத வீக்கம், ஒரு காலில் மட்டும் சூடு, வார் பட்ட இடத்தில் முடி உதிர்வு, முதுகைத் தொட்டதும் உடல் தாழ்ந்து விலகுதல் ஆகியவற்றைக் கண்டறிவதே தடவுதலின் பெரும்பயன் எனலாம்.

வேலை முடிந்து உடல் ஆறியபின் வைக்கோல் புரியாலோ தேங்காய் நார்த் தூரிகையாலோ முடி போகும் திசையில் தேய்த்து, காய்ந்த வியர்வையையும் மண்ணையும் அகற்ற வேண்டும். சேணமும் வாரும் படியும் இடங்களில் ஒரு பொட்டு மண்கூட நிற்கக் கூடாது. சேணப்புண் அங்குதான் பிறக்கிறது. பிறகு இடது கழுத்தில் தொடங்கி, உள்ளங்கையால் மெதுவாக அழுத்திக்கொண்டே தோளுக்கு வரலாம். கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் சற்று அதிக நேரம் நிற்க வேண்டும். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் வருடிக்கொள்ளும் இடம் அது. பிரான்சு நாட்டின் காமார்க் குதிரைகளிடம் செய்து 1993இல் வெளியான ஆய்வில், அந்த இடத்தை வருடும்போது இதயத் துடிப்பு குறைவது அளந்து காட்டப்பட்டது. அடுத்து முதுகெலும்பின் இருபுறத் தசைகள். எலும்பின்மேல் அழுத்தக் கூடாது. அதன்பின் பின்தொடை. கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை; புறங்கையால் தொட்டு இரண்டு கால்களின் சூட்டையும் ஒப்பிட்டால் போதும். பதினைந்து நிமிடப் பணி இது.

கீழுதடு தளர்ந்து தொங்கி, தலை தாழ்ந்து, கண் பாதி மூடினால் குதிரைக்கு இதம் என்று பொருள். காது பின்னால் ஒட்டி, வால் சுழன்று, தோல் வெடுக்கென்று துடித்தால் அங்கு வலி. வலிக்கும் இடத்தை மேலும் அழுத்தி 'பிடிப்பை எடுக்கிறேன்' என்று இறங்குவது தீங்கு. சூடான வீக்கம், காயம், காய்ச்சல் இருக்கும்போது நீவக் கூடாது. நொண்டுகிற குதிரைக்கு நீவுதல் மருந்தாகாது.

குளம்பைத் தினமும் தூக்கிப் பார்த்துக் கல்லையும் சாணத்தையும் நீக்குவது இதே வேளையின் வேலை. குளம்பின் அடியில் ஆப்பு வடிவில் உள்ள மென்பகுதியில் நாற்றம் அடித்தால் ஈரத்தரையைத்தான் முதலில் மாற்ற வேண்டும். குளம்பு மாதம் 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்வதால், ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிச் செதுக்கி மறுபடி அடிக்க வேண்டும். லாடம் தேயவில்லை என்று மூன்று மாதம் விட்டுவைப்பது சிக்கனம் ஆகாது.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைப் பழித்துப் பழமொழி வைத்துவிட்டோம். குதிரையின் தரப்பை யாரும் கேட்கவில்லை. கடைவாய்ப் பற்களின் ஓரம் கத்திபோல் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிப்பதுண்டு. கடிவாளம் பட்டால் உயிர் போகும் வலி. ஆண்டுக்கு ஒருமுறை கால்நடை மருத்துவரைக் கொண்டு பற்களை அராவிவிட்டால் வாய் தானாகத் திறக்கும். தின்னும்போது தட்டை உருட்டித் துப்புவதும், இலத்தியில் முழுத் தானியம் தெரிவதும் பல் கோளாறின் அறிகுறி. முள் வைத்த கடிவாளம் சட்டப்படியே கூடாது. சுமை இழுக்கும் கால்நடைகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகள் அதைத் தடுப்பதோடு, நாளில் 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும், வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரையும் வேலை வாங்கக் கூடாது என்கின்றன.

காளைக்குப் பக்கத்தில் குதிரையைக் கட்டும் வழக்கத்தில் ஒரு நன்மையும் உண்டு. குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி. தனியே அடைத்தால் கதவைக் கடிக்கும், ஓயாமல் அசையும். கண்ணுக்கு எட்டும் தொலைவில் காளையோ ஆடோ நின்றால் அதற்குத் துணை. தொட்டி மட்டும் தனித்தனியே இருக்கட்டும்.

பந்தயம் நடத்துவோரிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. தார்ச் சாலையில் ஓடும் குதிரையின் ஒவ்வோர் அடியும் மூட்டில் இறங்குகிறது. மண் தடம் அமைக்க இயலாத ஊரில் குதிரைப் பந்தயம் வைக்காமலிருப்பதே முறை. வயதையும் பார்க்க வேண்டும். முன்வாயில் நடுப்பற்கள் இரண்டரை வயதிலும், அடுத்த இணை மூன்றரை வயதிலும், ஓரப்பற்கள் நாலரை வயதிலும் விழுந்து முளைக்கும். முதுகெலும்பின் வளர்ச்சி முடிய ஐந்து வயதுக்கு மேலாகிறது. ஓரப்பல் மாறாத குட்டியைப் பந்தய வண்டியில் பூட்டுவோர் உண்டு. அது ஏழு வயதில் நொண்டியாகி விலைபோகாமல் நிற்கும்போது, நட்டப்படுவது வேறொரு சிறு உழவராக இருக்கும். பந்தயத்துக்கு முன் பல்லையும் காலையும் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தரும் ஏற்பாட்டை ஊர்ப் பெரியவர்களே செய்யலாம்.

வாங்கிய மாதமே தசைவிறைப்பு நோய்க்கு, அதாவது டெட்டனசுக்குத் தடுப்பூசி போட வேண்டும். கால்நடைகளில் இந்நோய்க்கு மிக எளிதில் இரையாவது குதிரைதான். லாட ஆணி ஒன்று போதும். சாணமும் துருவும் உள்ள கட்டுத்தறியில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

வயிற்றுச் சூலையின் அறிகுறிகளை வீட்டார் அனைவரும் தெரிந்திருக்க வேண்டும். முன்னங்காலால் தரையைப் பறித்தல், திரும்பித் திரும்பி அல்லையைப் பார்த்தல், படுத்துப் புரளுதல், இலத்தி போடாமை ஆகியவை தெரிந்ததும் தீவனத்தை எடுத்துவிட வேண்டும். வாயில் எண்ணெய் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழலில் இறங்கிக் கொன்றுவிடும். புரண்டு அடிபடாதபடி மெல்ல நடத்தலாம், ஓடவிடக் கூடாது. தாடைக்குக் கீழே விரல் வைத்து நாடியை எண்ண வேண்டும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 இயல்பு. 60ஐத் தாண்டினால் நேரம் குறைவு. 1962 என்ற எண்ணிலோ அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கோ சொல்லும்போது நாடி எவ்வளவு, கடைசியாக இலத்தி போட்டது எப்போது, நேற்று என்ன தின்றது என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால், மருத்துவர் என்ன மருந்தோடு புறப்பட வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிடும்.